பெய்யாத மழைக்குக் கையெழுத்துப் போடாதவர்

செய்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நான் ஆலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சுலோசனா பாயின் கணவர் நரசிம்மன். அதிகம் பேசாத மனிதர். "டீச்சர், சுலோ போயிட்டா" என்றார். பிறகு, "காபி ஆறுதுன்னு கூப்பிட்டா. நான் மாடியிலேருந்து எறங்கி வரதுக்குள்ள..." என்று தொடங்கி, முடிக்காமல் வைத்துவிட்டார்.

வில்லாபுரத்தில் இறங்கியபோது பேருந்து நிறுத்தச் சுவரில் அதற்குள் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மதுரையில் இந்த ஒரு வேலை மட்டும் தாமதமாவதே இல்லை. பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் அவருடைய பழைய படம். ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்தது, சிரித்துக்கொண்டிருந்தார். கீழே சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்தின் பெயரில் ஒரு வரி: 'அனைவரையும் அனுசரித்துச் சென்ற அன்பு உள்ளம்.'

அதைத் திரும்பவும் ஒருமுறை படித்தேன். சிரிப்பு வந்தது. சாவு வீட்டுக்குப் போகும் வழியில் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அடங்கியதும் கோபம் வந்தது.

இப்போது சங்கத்தின் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டு பக்கம் போதும் டீச்சர். நல்லதா நாலு வார்த்தை" என்றார் செயலாளர் ரகுபதி. நல்லதாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தச் சுவரொட்டி வரியை அடித்துவிட்டுத்தான் தொடங்க முடியும். சுலோசனா பாய் யாரையும் அனுசரித்துப் போனவர் அல்லர். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் துறையில் தண்ணீர் சோதித்துத் தரும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினோம். சாயப்பட்டறைகளுக்கு நெருக்கடி ஆரம்பித்திருந்த நேரம். சட்டம் பழையதுதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரிகள் தெருவுக்குள் வரத் தொடங்கியது அப்போதுதான். சாயம் போடுகிறவர் எவ்வளவு சிறியவரானாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை வாங்க வேண்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்ட வேண்டும். வெளியே விடும் தண்ணீரில் நிறமும் அமிலமும் உப்பும் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. இசைவாணையைத் தெருவில் எல்லோரும் கன்சென்ட் என்றார்கள்.

பட்டறைக்காரர்கள் கேன்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது சோதனை அல்ல, சான்றிதழ். சிலர் கொண்டுவந்த கேனைத் திறந்தாலே மாநகராட்சிக் குழாயின் குளோரின் வாடை அடிக்கும். எனக்கு அது பழகிவிட்டது. அதனால் ஒரு மதியம், என்னைவிடப் பத்து வயது மூத்தவராகத் தெரிந்த ஒரு பெண், கரு ஊதா நிறத் தண்ணீரோடு ஒரு கேனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது நிமிர்ந்து பார்த்தேன்.

"இது எந்தத் தண்ணி?"

"எங்க பட்டறையிலேருந்து வெளிய போற தண்ணி."

"இப்படியேவா போகுது?"

"இப்படியேதான். இதை எப்படித் தெளிய வைக்கிறதுன்னு சொல்லுங்க. சர்டிபிகேட் வேணாம்."

நான் நம்பவில்லை. இதில் ஏதாவது வேறு கணக்கு இருக்கும் என்று நினைத்தேன். "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டேன்.

"அவரு எதுக்கு? விளக்குத்தூண் பக்கம் அவருக்குக் கடை. சேலை விக்கத்தான் தெரியும். கன்சென்ட் என் பேர்ல இருக்கு. தப்பு நடந்தா உள்ள போறவ நான். கம்பி எண்ணப் போறவ கேக்காம வேற யார் கேப்பா?"

அந்தத் தெருவில் பெண்கள் பெயரில் பட்டறை வைத்திருப்பது வழக்கம். பெயர் மனைவிக்கு, நிர்வாகம் கணவனுக்கு. கையெழுத்துப் போடும் இடத்தைக் கணவன் விரலால் காட்டுவார், மனைவி போடுவார். இவர் ஒருவர்தான் தன் பெயரை நிஜமாக எடுத்துக்கொண்டார். அதனால் வந்த தொந்தரவுகள்தான் இந்தக் கட்டுரை.

வீட்டில் அவர்கள் சௌராஷ்டிரம் பேசுவார்கள். என்னிடம் தமிழ். ஆனால் பட்டறையில் யாரையாவது திட்ட வேண்டி வந்தால், அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், தமிழுக்கு மாறிவிடுவார். காரணம் கேட்டேன். "எங்க பாஷையில திட்டுனா பாட்டு மாதிரி இருக்கும் டீச்சர். வாங்குறவன் சிரிச்சிருவான். தமிழ்தான் ஒறைக்கும்."

தெருவின் எல்லாப் பட்டறைகளிலும் சுத்திகரிப்புத் தொட்டி இருந்தது. கட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். கட்டுவது ஒருமுறை; அதை ஓட்டுவது தினமும். சுண்ணாம்பும் படிகாரமும் கலக்க வேண்டும். தெளியவிட வேண்டும். அடியில் தங்கும் சேற்றை வாரிக் காயவைக்க வேண்டும். இதைவிடச் சுலபமான வழி ஒன்று தெருவுக்குத் தெரிந்திருந்தது. சாயத் தண்ணீரை அப்படியே தொட்டியில் நிரப்பி வைத்திருப்பார்கள். மேற்கே பசுமலைப் பக்கம் வானம் கருத்தால் ஒருவர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். எதிர் வாசலில் இன்னொருவர் வருவார். ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மழை விழத் தொடங்கியதும் வால்வுகள் திறக்கும். கொட்டுகிற மழையில் சிவப்பும் நீலமும் கரைந்து வாய்க்காலில் விழுந்து கண்மாய்க்குப் போய்விடும். மழை விட்டபிறகு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

சுலோசனா பாயும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அவரே சொன்னார், கூசாமல். அவரைக் கேனோடு என்னிடம் அனுப்பியது ஒரு கீரைக்காரி.

கண்மாய்க்குக் கீழே பாத்தி போட்டிருந்த பேச்சியம்மாள் அவர் வீட்டுக்கு வழக்கமாகக் கீரை கொடுப்பவர். ஒருநாள் கூடையை இறக்காமலே நின்றிருக்கிறார்.

"என்ன, இன்னைக்குக் கீரை இல்லையா?"

"இருக்கு. ஒங்களுக்கு இல்ல."

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

பேச்சியம்மாள் ஒரு கீரைக்கட்டை உருவி வேரைக் காட்டியிருக்கிறார். வேர் ரோஜா நிறத்தில் இருந்திருக்கிறது. "இது ஒங்க கலருதேன். போன வாரம் மாடியில காயப் போட்டிருந்தீகள்ல, அந்தச் சேலைக் கலரு. வேரைக் கிள்ளிப்புட்டு ஊருக்கெல்லாம் விக்கிறேன், எனக்கு வேற பொழப்பு இல்ல. ஒங்க கலரை ஒங்களுக்கே எப்புடி விக்கிறது? அம்புட்டுத்தேன், வாரேன்."

இதைச் சொல்லும்போது சுலோசனா பாய் பேச்சியம்மாளைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொள்வார். "எனக்குத் தெரியாத விஷயமா டீச்சர்? தண்ணி எங்க போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா என் வாசல்ல நின்னு, என் சேலையைக் காட்டிச் சொன்னா பாருங்க."

நான் சொன்ன அளவில் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு, சில வாரங்களில் அவர் தண்ணீரைத் தெளிய வைத்துவிட்டார். கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து காட்டினார். நான் சோதித்துவிட்டு, நிறம் போய்விட்டது, உப்பு போகவில்லை என்றேன். நூலில் சாயம் பிடிக்க உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். கரைந்த உப்பு எந்தத் தொட்டியிலும் அடியில் தங்காது.

குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாக்க லட்சணம், வாயில வச்சாத்தான் தெரியும். எங்க நாத்தனார் மாதிரி" என்றார்.

ஆனாலும் அந்த வருடத்திலிருந்து மழைக்கு அவர் தொட்டியைத் திறப்பதை நிறுத்திவிட்டார். தெளிந்த நீரையே முடிந்தவரை திரும்பவும் அலசலுக்குப் பயன்படுத்தினார். மிச்சத்தைத் தொட்டியிலேயே வைத்திருந்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், "யோசிக்கிறேன். யோசிக்கிற வரைக்கும் அது என் தொட்டியில இருக்கட்டும். அடுத்தவ பாத்தியில வேணாம்" என்பார்.

அதற்கடுத்த வருடம் மழை தள்ளிப்போயிற்று. தெருவில் எல்லாத் தொட்டிகளும் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றன. ஒரு சாயங்காலம் பசுமலைப் பக்கம் கருத்தது. இடி இடித்தது. புழுதி கிளம்பியது. பெரிய பெரிய துளிகளாகக் கொஞ்சம் விழுந்தது. அவ்வளவு நாள் காத்திருந்த அவசரத்தில் தெரு முழுவதும் வால்வைத் திறந்துவிட்டது.

மழை வரவில்லை. காற்று மேகத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது. திறந்துவிட்ட தண்ணீரை என்ன செய்வது?

யார் பட்டறையில் அந்த வாரம் என்ன நிறம் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ரகுபதி வாசலில் இருந்து கிளிப்பச்சை. எதிர் வாசலில் இருந்து அரக்குச் சிவப்பு. மூலைப் பட்டறையில் இருந்து நீலம். தெருமுனையில் எல்லாம் சேர்ந்து பழுப்பாகித் தேங்கி நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அதில் குதித்து விளையாடி வெள்ளைச் சட்டையெல்லாம் சாயக் கறையோடு வீட்டுக்குப் போனார்கள். சட்டையைப் பார்த்த தாய்மார்கள் வந்து அவனியாபுரம் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பேருந்துகள் வரிசையாக நின்றன. அந்தத் தெருவில் ஒரே ஒரு வாசல் காய்ந்து கிடந்தது.

மறுநாள் காலை சங்கக் கட்டடத்தில் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தொழில்நுட்பக் கருத்து என்று ஒரு வரி வேண்டுமாம். 'எதிர்பாராத கனமழையால் தொட்டிகள் நிரம்பி வழிந்துவிட்டன, இது இயற்கையின் செயல்' என்று ஒரு விளக்கம் தயாராக இருந்தது. ரகுபதி அதை வாசித்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தாள் சுலோசனா பாயிடம் வந்தது.

"எந்த மழைண்ணே?" என்று கேட்டார்.

"நேத்துப் பெஞ்ச மழைதான்."

"நேத்து என் வாசல்ல போட்ட கோலம் இன்னும் அழியல. வந்து பாக்குறீங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரகுபதிக்கு முகம் கடுத்தது. "சுலோசனா, இது சங்கத்து விஷயம். நீ ஒருத்தி போடலைன்னா கேள்வி வரும்."

"வரட்டும்."

"நீ மட்டும் யோக்கியமா? நீ தொறந்ததே இல்லையா?"

"தொறந்திருக்கேன். நான் தொறந்தப்ப மழை பெஞ்சுச்சு."

இந்த முறை பலர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "இப்ப நான் தொறக்கவும் இல்ல, மழை பெய்யவும் இல்ல. ரெண்டும் நடந்த மாதிரி நான் எப்படி எழுதிக் குடுப்பேன்? நாளைக்கு ஆபீசர் கேட்டா எந்த மழையைக் காட்டுவேன்?"

"எங்களைக் காட்டிக் கொடுக்கப் பாக்குற."

"நான் எதுக்குண்ணே காட்டிக் கொடுக்கணும்? தெருவே கலர் கலராக் காட்டிக் கொடுத்துருச்சே."

ரகுபதி குரலைத் தாழ்த்தினார். "சேலைக்காரங்க ஆர்டர் எல்லாம் சங்கம் வழியாத்தான் பிரிச்சுக் குடுக்குறோம். ஞாபகம் இருக்கட்டும்." அதன் பொருள் அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் அவர் பட்டறைக்கு வேலை வராது. அவரை நம்பி உள்ளே வேலை செய்தவர்கள் இருந்தார்கள். பிறகு எல்லோரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நரசிம்மனைத் திரும்பிப் பார்த்தார்கள். "மாப்ள, நீயாச்சும் எடுத்துச் சொல்லுப்பா."

நரசிம்மன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "கன்சென்ட் அவ பேர்ல இருக்கு" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

என் ஒரு வரியையும் நான் எழுதித் தரவில்லை. காய்ந்த தரையைப் பற்றி வேதியியலில் சொல்ல ஒன்றும் இல்லை.

அன்று மாலை ரகுபதி சுலோசனா பாய் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். உண்மையான கவலையோடுதான் வந்தார். "காலையில ஆபீசர் வராரு. எல்லாரும் தொட்டியைக் கழுவி போர் தண்ணியை ரொப்பியாச்சு. இந்தத் தெருவுல உன் தொட்டியில மட்டும்தான் சாயத் தண்ணி கெடக்கு. யோசிச்சுப் பாரு. தொறந்தவங்க எல்லாம் தப்பிச்சிருவோம், தொறக்காதவ நீ மாட்டுவ. கையெழுத்தை விடு. இன்னைக்கே தொட்டியைக் காலி பண்ணிரு."

அவர் சொன்னது சரி. அவர் போனபிறகு நானும் அதையே வேறு விதமாகச் சொன்னேன். நிறத்தில் தேறுவீர்கள், உப்பில் தேற மாட்டீர்கள், மூடச் சொல்லி உத்தரவு வரும் என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றார். "பெயிலானாலும் என் தண்ணியாப் பெயிலாகட்டும்."

மறுநாள் வந்த வாரியப் பொறியாளர் இளைஞர், வெளி மாவட்டத்துக்காரர். ஒவ்வொரு பட்டறையிலும் காபி கொடுத்து, பளிங்குபோல் தண்ணீர் நின்ற தொட்டியைக் காட்டியிருக்கிறார்கள். சுலோசனா பாய் பட்டறைக்கு வந்தபோது அவர் முகத்தில் களைப்பும் சந்தேகமும் இருந்தன. கேனில் தண்ணீரை முகந்துகொண்டு திரும்பப் போனார்.

"சார், ரெண்டாப் பிரிங்க."

"என்னம்மா?"

"எடுத்த தண்ணியை என் கண்ணு முன்னாடி ரெண்டாப் பிரிக்கணும். ரெண்டுலயும் சீல் வச்சு, ரெண்டுலயும் நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஒண்ணு உங்க லேபுக்கு. நான் கேட்டா இன்னொண்ணு அரசாங்கம் சொல்ற வேற லேபுக்கு. சட்டத்துல இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா யாரும் கேக்க மாட்டாங்களே."

"நான் கேக்குறேன்."

"என்கிட்ட இன்னொரு கேன் இல்லம்மா."

சுலோசனா பாய் கழுவிக் காயவைத்த கேன் ஒன்றை எடுத்து வைத்தார். அரக்கும் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் பக்கத்திலேயே இருந்தன. பொறியாளர் அவற்றைப் பார்த்தார், துணைக்கு வந்து நின்ற என்னைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து ஒழுங்காகப் பிரித்து, அரக்கு வைத்து, கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது, "உங்க தொட்டியில மட்டும்தாம்மா தண்ணி பட்டறைத் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். அவர் புரிந்துகொண்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. புரிந்து என்ன செய்வது, காகிதத்தில் அளவுதானே பேசும்.

ரகுபதி சொன்னபடியே நடந்தது. திறந்தவர்கள் எல்லோரும் தேறினார்கள். திறக்காதவர் தேறவில்லை. இரண்டு ஆய்வகங்களும் ஒன்றையே சொல்லின: நிறம் சரி, அமிலம் சரி, உப்பு அதிகம். மூடும் உத்தரவு வந்தது. மின்வாரிய ஊழியர்கள் வந்து பியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தெருவில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. "உத்தமிக்குப் பரிசு குடுத்துட்டாங்கப்பா" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். சுலோசனா பாய் வாசற்படியில் நின்று, "ரெண்டு லேப்லயும் ஒரே மார்க்குண்ணே. மாத்தி மாத்திப் பேசாத தண்ணி" என்றார்.

ஆனால் அன்று பட்டறைக்குள் போய்ப் பார்த்தபோது இருட்டில், காலி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அவருக்கும் கேட்க வராது. அவரே, "வேலைக்கு இருக்கிறவங்களைச் சும்மா எத்தனை நாள் டீச்சர் வச்சிருக்க முடியும்?" என்றார். பயம் தெரிய அவர் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

வாரியத்தில் நடந்த விசாரணைக்கு என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். அதிகாரி முன் இரண்டு ஆய்வறிக்கைகளையும் வைத்தார். "சார், நீங்க சொன்ன மாதிரி தொட்டி கட்டுனேன். தொட்டியால எது முடியுமோ அதைச் செஞ்சிருக்கேன். உப்பு இந்தத் தொட்டியில தங்காதுன்னு இவங்க சொல்றாங்க. எங்க தெருவுல எல்லாத் தொட்டியும் ஒரே மாதிரிதான். நான் உப்புல பெயிலுன்னா, பாஸானவங்க தொட்டியில அன்னைக்கு என்ன இருந்துச்சுன்னு நீங்கதான் பாக்கணும். அது என் வேலை இல்ல. எனக்கு உப்புக்கு ஒரு வழி பண்ண அவகாசம் குடுங்க. முடியலைன்னா நானே பூட்டிக்கிறேன்."

அதிகாரி வெகுநேரம் அறிக்கைகளைப் பார்த்தார். அவகாசம் கிடைத்தது.

பட்டறை மூடியிருந்த அந்த நாட்களில் வேலையாட்களை வைத்தே மொட்டை மாடியில் ஆழமில்லாத பாத்திகள் கட்டினார். முதல் சாயத் தண்ணீரில்தான் பெரும்பகுதி உப்பு இருக்கிறது. அதை மட்டும் தனியாகப் பிரித்து மாடியில் ஏற்றி வெயிலில் வற்றவிடுவது, அலசிய தண்ணீரைத் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்துவது என்பது ஏற்பாடு. மதுரை வெயில் வேறு எதற்கு ஆகும் என்றார். அந்தக் கட்டடத்தின் வயதைப் பார்த்து எனக்குக் கவலை. "மாடி தாங்குமா?" என்று கேட்டேன்.

"தாங்கலைன்னா கீழ படுத்திருக்கிறது நான்தானே. உங்க மேல விழாது."

மாடி தாங்கியது. பட்டறை திரும்ப ஓடியது. சங்கத்து ஆர்டர் வெகுகாலம் வரவில்லை. நரசிம்மன் கடைக்கடையாக ஏறி வேலை பிடித்து வந்தார். மெல்ல மெல்லச் சிலர் அவர் மாடியை வந்து பார்த்தார்கள். சிலர் அதேபோல் கட்டினார்கள். வேறு சிலர் பட்டறையைத் தூக்கிக்கொண்டு பேரையூர்ப் பக்கமும் திருவாதவூர்ப் பக்கமும் போனார்கள். விடைபெற வந்த ஒருவரிடம், "அங்கயும் யாராச்சும் கீரை போடுவாங்க, பாத்துக்க" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் கண்மாயைக் காப்பாற்றிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். அந்தத் தண்ணீரைச் சோதிக்கிறவள் நான். பேச்சியம்மாளின் பாத்தியில் இன்றும் உப்புப் பூக்கிறது. மாடியில் வற்றிய அழுக்கு உப்பை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டால் பதில் சொல்ல அப்போது ஆளில்லை. அந்த மூட்டைகள் பட்டறையின் பின்னறையில் நனையாமல் அடுக்கிக் கிடக்கின்றன. "இது என் தப்பு, என் வீட்டுலயே இருக்கட்டும்" என்பார். ஒருவர் தன் கழிவைத் தன்னோடு வைத்துக்கொண்டு வாழ்ந்தார். அந்தத் தெருவில் அது பெரிய எதிர்ப்பாக இருந்தது.

கடைசியாக ஒன்று. பட்டறை திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. பசுமலைப் பக்கம் கருத்தால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, விரிக்காத குடையோடு தெருவில் இறங்குவார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடப்பார். ஒவ்வொரு பட்டறையின் கழிவுக் குழாயையும் நின்று பார்ப்பார். யாரோடும் சண்டை இல்லை. யாராவது கேட்டால், "மழை பாக்க வந்தேன்" என்பார். மழை பிடித்துக்கொண்ட பிறகும் குடையை விரித்துக்கொண்டு, விடும்வரை நடப்பார். அவர் நடக்கும்போது வால்வில் கை வைக்க எவருக்கும் மனம் வரவில்லை. உங்களில் எத்தனை பேர் கதவுக்குப் பின்னால் நின்று, 'இந்தப் பொம்பளை எப்பப் போகும்' என்று முணுமுணுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "முணுமுணுத்தா முணுமுணுக்கட்டும். வாய் தொறக்கலாம், வால்வுதான் தொறக்கக் கூடாது" என்பார்.

தகனம் முடிந்து சில நாள் கழித்து நரசிம்மனைப் பார்க்கப் போயிருந்தேன். மாடிக்குக் கூட்டிப் போய்ப் பாத்திகளைக் காட்டினார். தண்ணீர் வற்றி ஓரங்களில் உப்பு கட்டியிருந்தது. யாராவது சுரண்டி எடுக்க வேண்டும் என்றார். நாளை ஆட்கள் வருகிறார்கள் என்றும், இசைவாணையைத் தன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். விடைபெற்றுக் கீழே வந்தபோது சாயங்காலம். பசுமலைப் பக்கம் கருத்திருந்தது. காற்றில் புழுதி.

தெருவில் ஒருவர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். எதிர் வாசலில் இன்னொருவர். தள்ளி, ரகுபதி தன் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், உள்ளே, ஓர் ஆள் வால்வுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார்.

அவரிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று சொல்வது இந்த மாதிரிக் கட்டுரைகளில் வழக்கம். நான் கூட்டத்தில் பேசாதவள். தெருவில் நின்று யாரோடும் பேசிப் பழக்கமில்லாதவள். என் கைப்பையில் வெயிலுக்கு எடுத்துவந்த குடை இருந்தது. அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினேன்.

"டீச்சர், பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்ல?" என்றார் ரகுபதி.

"தெரியும்ண்ணே. மழை பாக்க வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். கையில் இருந்த குடையைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "யப்பா, அதை விட்டுட்டு வா" என்றார்.

மழை அன்று நன்றாகவே பெய்தது. விடும்வரை நடந்தேன். கடைசி வீடு வரைக்கும் தெருவில் ஓடிய தண்ணீர் மண் நிறமாகத்தான் இருந்தது.